மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை

சரவணா, இதை ஆபீசில் வைத்துப் பிரிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, அப்புறம் உட்கார்ந்து படி. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். உன் அப்பனுக்கு போனில் பேச வராது என்பது உனக்கே தெரியும். 'ம்', 'சரி', 'சாப்ட்டியா' என்று மூன்றே வார்த்தையில் இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டேன்.

நேற்று நீ கேட்டதற்கும் அப்படித்தான் 'சரிப்பா' என்று சொல்லி வைத்துவிட்டேன். கல்யாணத்தன்று அம்மாவை செங்கல்பட்டு மண்டபத்துக்கு அழைத்து வர வேண்டாம், ஒரு நாள் மட்டும் யாராவது வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும், மேடையில் அவள் இடத்தில் மாமல்லபுரம் பெரியம்மா நிற்கட்டும் என்றாய். நீயும் தயங்கித் தயங்கித்தான் சொன்னாய், அது எனக்குப் புரிந்தது. அனிதாவின் மாமா ஒருவர், "பையனோட அம்மாவுக்கு மூளைக் கோளாறாமே, பரம்பரையா வருமா?" என்று கேட்டாராம். நீ எழுந்து வந்துவிட்டாயாம். மேடையில் அம்மா எதையாவது பேசிவிட்டால் அத்தனை பேரும் பார்ப்பார்களே என்று உனக்குப் பயம். எல்லாம் நியாயம்தான். போனை வைத்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். உன்னோடு சண்டை போட எழுதுகிறேன் என்று நினைக்காதே. சண்டை போடுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சொல்லிவிட்டால் அப்புறம் நீ எப்படி முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம், பங்குனி மாதம். உனக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. நாம் அப்போது டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில், இரண்டாவது மாடியில் இருந்தோம். உனக்குத்தான் முதலில் அம்மை போட்டது. உன் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குப் போட்டிருந்தது. அம்மா உன்னை வெள்ளைத் துணியில் படுக்கவைத்து, வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொண்டே பக்கத்தில் கிடந்தாள். நீ முதுகைச் சொறியாமல் இருப்பதற்காக உனக்கு ராஜா கதை சொன்னாள். தினமும் ஒரே ராஜா, ஒரே கதை. நீ "வேற சொல்லும்மா" என்று அழுவாய். "இந்த ராஜாவை மொதல்ல முடிச்சிடலாம்டா" என்பாள். உனக்கு மூன்று தண்ணீரும் ஊற்றி முடித்து, நீ மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வாரம் அவளுக்குப் போட்டது. பெரியவர்களுக்குப் போட்டால் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும் என்றார்கள். உடம்பெல்லாம் முத்து. வாய்க்குள்ளேகூட இருந்தது. வாசலில் வேப்பிலை கட்டினேன். பெரியம்மா மாமல்லபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள். தாளிப்பு கிடையாது, சோப்பு கிடையாது, மாத்திரை கிடையாது. அம்மை கண்ட வீட்டில் என்ன செய்யக் கூடாது என்பதற்கு ஒரு பெரிய பட்டியலே பெரியம்மாவிடம் இருந்தது. முக்கியமான ஒன்று, மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை நோயாளி வாசல் தாண்டக் கூடாது. டாக்டர், ஊசி என்று பேச்சே எடுக்கக் கூடாது. எடுத்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாள்.

நான் யார் அப்போது? அணுமின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். டிப்ளமா படித்தவன். நாள் முழுக்க மீட்டர் பார்ப்பதுதான் என் உத்தியோகம். ஒரு முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் பக்கத்தில் வந்தால்கூட ஓடிப்போய் என்ன ஏது என்று பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதி, மேலே சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். டவுன்ஷிப் ஆஸ்பத்திரி நம் வீட்டிலிருந்து நடந்து போனால் பத்து நிமிடம். நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் அதைக் கட்டி வைத்திருந்தார்கள். இத்தனையும் இருந்தும் அம்மை என்று வந்ததும் நானும் வேப்பிலை கட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டேன். எங்கள் பிளாக்கில் பெரிய பெரிய படிப்பு படித்த சயின்டிஸ்ட்டுகள் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். அது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். உனக்கு அப்படித்தான் சரியானது, ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் சரியாகும். அம்மாவுக்குச் சரியாகவில்லை என்பது தெரிந்த பிறகும் நான் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன் பார், அதுதான் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் தண்ணீர் ஊற்றினோம். முத்தெல்லாம் காய்ந்துகொண்டு வந்தது, முகம் தெளிந்திருந்தது. அன்று சாயங்காலம் மறுபடி உடம்பு கொதித்தது. எழுந்து நடந்தாள். அந்த நடை சரியாக இல்லை. இடுப்புக்குக் கீழே பிடிப்பே இல்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி ஆடி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் எங்கேயோ இருந்தது. திடீரென்று சிரித்தாள். என்னைப் பார்த்து, "டேய், யாருடா அது கதவாண்ட? உள்ள வரச் சொல்லு" என்றாள். என்னை அவள் 'டா' போட்டுப் பேசியதே கிடையாது. குரலும் அவள் குரலாக இல்லை, தடித்துப்போய் இருந்தது. பெரியம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"ஆத்தா எறங்கிகீறா தம்பி! பாத்துகினே நிக்கிறியே, வுழுந்து கும்புடு!"

விழுந்து கும்பிட்டேன். நீ உள் அறைக் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னையும் இழுத்து விழவைத்தேன். உனக்கு இது ஞாபகம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், நாம் இருவரும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

மறுநாளே பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் அம்மை வீட்டுக்குள் வர மாட்டார்கள் என்பதெல்லாம் போய், வரிசையில் நின்று வந்தார்கள். குளித்து, ஈரப் புடவையோடு வந்தார்கள். மகளுக்கு வரன் எப்போ அமையும், வீட்டுக்காரருக்கு டிரான்ஸ்பர் கிடைக்குமா என்று அவளிடம் கேட்டார்கள். அவளுக்கு வாயில் வந்ததைச் சொன்னாள். சிலருக்குப் பதிலே சொல்லாமல் அழுதாள். அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். நடுநடுவே தலையைப் பிடித்துக்கொண்டு, "தலை பொத்துகினு போவுது, யாரோ உள்ளாற குந்திகினு அமுக்குறாங்க" என்று கத்தினாள். "பூசையில எதுவோ கொறை வெச்சிட்டீங்க, அதான் ஆத்தாவுக்குக் கோவம்" என்றாள் பெரியம்மா. நான் ஓடிப்போய் இளநீரும் எலுமிச்சம்பழமும் வாங்கி வந்தேன். தலைவலிக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வந்த டெக்னீஷியன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இப்போது எழுதப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. செவ்வாய்க்கிழமை, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, பெரியம்மா உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, நான் அவள் காலடியில் போய் உட்கார்ந்தேன். மறு மாதம் எனக்கு பிரமோஷன் இன்டர்வியூ. இரண்டு தடவை போய்த் திரும்பி வந்திருந்தேன். கையைக் கூப்பிக்கொண்டு, "தாயே, இந்தத் தடவையாவது எனக்கு பிரமோஷன் வருமா?" என்று கேட்டேன். என் பெண்டாட்டியிடம் கேட்டேன்டா. காய்ச்சலில் உதடு வெடித்து, இரண்டு நாளாகத் தூங்காமல், நடக்க முடியாமல் கிடந்தவளிடம் கேட்டேன். "வரும் போ" என்றாள். எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! எழுந்து போய் வாசல் வேப்பிலையைப் புதிதாக மாற்றிக் கட்டினேன். பிரமோஷன் வரவும் வந்தது. அந்த வருடம் இன்டர்வியூவுக்குப் போன எல்லோருக்குமே வந்தது. ஆர்டரைக் கையில் வாங்கியபோது அவள் ஆஸ்பத்திரியில் என்னை யார் என்று கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

புதன்கிழமை இரண்டாம் தண்ணீர். ஊற்றி முடித்து, தலை துவட்டி விட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு நிமிடம், சரவணா, ஒரே ஒரு நிமிடம், அவள் அவளாகத் திரும்பி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, பழைய குரலில், "ஏங்க, எனக்கு என்னமோ ஆவுது. பயமா கீதுங்க. என்னை ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்களேன்" என்றாள். அது ஆத்தா பேசியது கிடையாது. வசந்தா பேசியது. எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. தெரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன். பெரியம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா தம்பி, படிச்சவன்தானே நீ? வெள்ளிக்கெழம மூணாம் தண்ணி. நடுவுல இட்டுகினு போனா அவ உசுருக்கு யாரு பொறுப்பு? நீயா?"

என்னால் 'நான்தான்' என்று சொல்ல முடியவில்லை. நான்கைந்து பேர் படிக்கட்டில் நின்றார்கள். அவர்கள் முன்னால் ஆத்தாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற ஆளாக இருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். "ரெண்டே நாள்தானே வசந்தா, மூணாம் தண்ணி ஊத்தினதும் போய்டலாம்" என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டாள். அதற்கப்புறம் எங்கேயும் அழைத்துப் போகச் சொல்லி அவள் என்னிடம் கேட்டதே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் வலிப்பு வந்தது. ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று. நுரை தள்ளியது. அப்போதுதான் எனக்கு புத்தி வந்து, தூக்கிக்கொண்டு ஓடினேன். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் உடனே ஆம்புலன்ஸில் ஏற்றி செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய டாக்டர் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லாத மனிதர். ஆனால் பொறுமையாகச் சொன்னார். அம்மை என்பது ஒரு வைரஸ், சிலருக்கு அது மூளைக்குப் போய் வீக்கத்தை உண்டாக்கும், அதனால்தான் இந்தச் சிரிப்பு, இந்த அழுகை, இந்தப் பேச்சு, இந்த ஆட்டம் எல்லாம் என்றார். "இது பைத்தியமும் இல்ல, சாமியும் இல்ல. மூளைக் காய்ச்சல். டிரிப்ல மருந்து ஏத்துறோம். எவ்வளவு சீக்கிரம் ஏத்துறமோ அவ்வளவு நல்லது" என்றார். அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"மாத்திப் பேச ஆரம்பிச்சது எப்போ?"

"நேத்து சார்."

"நேத்தா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நேத்துதான் சார்."

எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லியிருந்தால், 'நாலு நாளா என்ன செஞ்சிட்டு இருந்தே?' என்று கேட்டிருப்பார். 'அவகிட்ட பிரமோஷன் கேட்டுட்டு இருந்தேன்' என்றா சொல்வேன்? உடம்பு முழுக்கக் கொப்புளத்தோடு அவள் அங்கே கட்டிலில் கிடக்கிறாள், இங்கே நான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். நான்கு நாள் முன்னால் வந்திருந்தால் முழுக்கச் சரியாகியிருக்குமா என்று சில வருடம் கழித்து இன்னொரு டாக்டரிடம், யாரோ சொந்தக்காரருக்குக் கேட்பது போலக் கேட்டேன். "சரியாகியிருக்கலாம், ஆகாமலும் போயிருக்கலாம். யாராலயும் உறுதியா சொல்ல முடியாது" என்றார். உறுதியாக 'ஆமாம்' என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். 'இல்லை' என்றிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லாமல்தான் இன்றுவரை கிடக்கிறேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஐந்து வாரம் கழித்து அவளை வீட்டுக்கு அழைத்து வந்தோம். உயிர் இருந்தது, நடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. புதிதாக நடக்கிற எதுவும் அவளுக்குள் தங்கவில்லை. காலையில் சொன்னது மத்தியானம் இருக்காது. தண்ணீரில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்பாள். பக்கத்து வீட்டுப் பெண் ஆசையாகக் கொண்டுவந்த பொங்கலைச் சுவரில் அடித்தாள். காரணம் இல்லாமல் சிரிப்பாள், காரணம் இல்லாமல் அடிப்பாள். செங்கல்பட்டுக்கு மாதம் ஒரு தடவை அழைத்துப் போய் மாத்திரை வாங்கி வருவோம். மாத்திரையில் அடி குறைந்தது, பயம் குறையவில்லை. எனக்கு ஷிஃப்ட் இருக்கும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவேன். மத்தியானம் சைக்கிளில் வந்து சோறு ஊட்டிவிட்டுத் திரும்ப ஓடுவேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தப் பூட்டைத் திறப்பாய். பத்து வயதுப் பையன் தன் அம்மாவைப் பூட்டித் திறந்துகொண்டிருந்தான். அதை நான் செய்யவைத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

முதலில் உன்னையாவது அவளுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் உன்னைத்தான் கேட்டாள். ஆனால் நீ வளர்ந்தாய், அவளுக்குள் இருந்த சரவணன் வளரவில்லை. உன் குரல் உடைந்து, மீசை அரும்பியதும் 'யார் இந்த ஆம்பளை, வூட்டுக்குள்ள வந்துகினு போய்கினு கீறான்' என்று என்னிடம் ரகசியமாகக் கேட்க ஆரம்பித்தாள். நீ அடுப்படிப் பக்கம் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். நீ அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி தண்ணீர் குடித்துவிட்டுப் போவாய். வாயைத் திறந்து ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னேனா? இல்லை.

சொல்லாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சொல்லக் கூடாததை அல்லவா சொன்னேன். நீ பன்னிரண்டாவது முடித்து, பொத்தேரி காலேஜில் இடம் கிடைத்து, ஹாஸ்டலில் தங்குகிறேன் என்றாய். தினமும் பஸ்ஸில் போய் வந்துவிடலாமே என்றேன். "இந்த வூட்ல என்னால இருக்க முடியலப்பா, என்னைப் பெத்த அம்மாவே என்னை யாருன்னு கேக்குறாங்க" என்று நீ கத்தினாய். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அவ இப்படி ஆனது யாராலன்னு தெரியுமாடா? ஸ்கூல்லேர்ந்து நீ இழுத்துட்டு வந்த அம்மைடா அது! உனக்குப் பக்கத்துலயே படுத்துக் கெடந்துதான் அவளுக்கு ஒட்டிச்சு!" என்றேன். உன் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாய். அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வருகிறாய்.

ஏன் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை என்பதை இப்போது சொல்கிறேன். உன் மேல் பழி இருக்கும் வரைக்கும் என் பக்கம் யாரும் பார்க்க மாட்டார்கள். அவ்வளவுதான் காரணம். அசிங்கமான காரணம். அம்மை உன்னிடமிருந்து அவளுக்கு வந்திருக்கலாம், உனக்கு உன் வகுப்பில் யாரிடமிருந்தோ வந்தது, அவனுக்கு வேறு யாரிடமிருந்தோ. ஒன்பது வயதுப் பிள்ளை காய்ச்சலில் அம்மாவைக் கட்டிக்கொண்டு படுத்ததில் என்னடா குற்றம்? அவள் புத்தியை நான்தான் நான்கு நாள் வாசலுக்குள்ளேயே வைத்துப் பூட்டினேன். பெரியம்மாவை ஏசாதே. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "நான் இன்னாத்தைக் கண்டேன் தம்பி, என் தங்கச்சியை நானே முழுங்கிட்டேன்" என்று இன்றைக்கும் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுகிறாள். அவள் படிக்காதவள். எனக்குத் தெரிந்தும், மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஆடிக்கொண்டிருந்தபோது நான் கைகூப்பி நின்றேன்.

நாளைக்கு உனக்கும் குடும்பம் வரும். அனிதாவுக்கோ குழந்தைக்கோ காய்ச்சல் வரும், என்னென்னவோ வரும். அப்போது வேப்பிலை கட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டிவிட்டு டாக்டரிடமும் போ. படுத்திருப்பவள் 'என்னை அழைத்துக்கொண்டு போ' என்றால் படிக்கட்டில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காதே. டாக்டர் 'எப்போதிலிருந்து' என்று கேட்டால் நாளைக் குறைக்காதே, உன்னைச் செருப்பால் அடித்தாலும் சரியான நாளைச் சொல். வேறு புத்திமதி சொல்ல எனக்கு வாய் இல்லை. அனிதாவின் மாமாவுக்கும் பதில் இதில் இருக்கிறது. இது பரம்பரை இல்லை. யாருடைய ரத்தத்திலும் இல்லை. ஒரு வைரஸ், ஒரு கோழைப் புருஷன், அவ்வளவுதான். இந்தக் கடிதத்தையே அவரிடம் காட்டு. எனக்கு வெட்கமில்லை.

அனிதா நல்ல பெண்ணடா. போன மாதம் நீங்கள் இருவரும் வந்தபோது அம்மா உங்களை உட்காரவைத்து, "எம் புள்ள ஸ்கூலுக்குப் போயிருக்கான், வர்ற நேரந்தான்" என்றாளே, நீ சட்டென்று எழுந்து வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாய். அந்தப் பெண் நகரவில்லை. "எந்த க்ளாஸ் ஆன்ட்டி?" என்று கேட்டாள். "நாலாவது." "நல்லா படிப்பானா?" "படிப்பான், கணக்குதான் வராது. கதை கேக்குறதுல கில்லாடி." அரை மணி நேரம் இரண்டு பேரும் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அனிதா பிடித்திருந்த கையை அம்மா தட்டிவிடவே இல்லை. நீ வெளியிலேயே நின்றுவிட்டதால் உனக்கு இது தெரியாது. அனிதா சொன்னாளோ என்னவோ.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 'ஒரு நாள் யாராவது பார்த்துக்கொள்ளட்டும்' என்றாயே, யார் பார்த்துக்கொள்வார்கள்? நான் வேலையை விட்டு, புதுப்பட்டினத்தில் இந்த வீட்டுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. இந்த நாலு வருடத்தில் என் கையைத் தவிர வேறு யார் கையாலும் அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பெரியம்மா வந்தாலே தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். நான் கடைக்குப் போய் வர அரை மணி ஆனால் வாசலில் நின்று அழுகிறாள், அப்புறம் எதற்கு அழுதோம் என்பது மறந்து இன்னும் பயந்து அழுகிறாள். அவள் வர வேண்டாம் என்றால் நானும் வர முடியாது சரவணா. போனில் நீ கேட்டபோது இதைச் சொல்லத் தோன்றவில்லை. சொன்னால் உன்னை மிரட்டுவது போல் ஆகிவிடும் என்று நினைத்தேன். மிரட்டவில்லை. இருக்கிற நிலவரத்தைச் சொல்கிறேன். உனக்கு அம்மாவும் அப்பாவும் மேடையில் நிற்க வேண்டிய இடத்தில் பெரியம்மாவும் பெரியப்பாவும் நிற்பார்கள். கூட்டத்தில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அழைத்து வந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் உத்தரவாதம் கிடையாது. மேளச் சத்தத்தில் அவள் அலறலாம். தாலி கட்டும்போது 'இவன் யாரு' என்று சத்தமாகக் கேட்கலாம். ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்து பூவைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். நான் என்ன செய்யட்டும், சொல்லு. எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. ஒரு தடவை அவளுக்காக நான் முடிவு எடுத்ததே போதும்.

தினமும் காலையில் அவளிடம், "வசந்தா, நம்ம பையனுக்குக் கல்யாணம்" என்று சொல்கிறேன். தினமும் புதிதாகக் கேட்பது போல வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "எத்தனையாந்தேதி? எனக்கு என்னா பொடவை?" என்கிறாள். மத்தியானத்துக்குள் மறந்துவிடுகிறாள். அதனால் நீ வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அவளுக்கு வருத்தம் எதுவும் இருக்காது. அதை நினைத்து நீ மனசைக் குழப்பிக்கொள்ளாதே. எனக்கு இருக்கும், அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

வண்டி அனுப்புவதாக இருந்தால் முதல் நாளே தகவல் சொல்லிவிடு. இங்கிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு மணி நேரம். அதற்கு முன்னால் அவளைக் குளிக்க வைத்து, தலை பின்னி, பட்டுப்புடவை கட்டிவிட எனக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

அப்பா